எட்டுத் துவரம்பருப்பு

எனக்கு இரைச்சல் ஆகாது, ஐயா. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குத் தயிர் ஆகாது. அந்த மாதிரிதான். உத்திரமேரூர் பஜாரில் பதினாறு வருஷமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வேதகிரி என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே கை காட்டுவார்கள். கரகரப்போடு வந்த ரேடியோ எதுவும் என் கடையிலிருந்து கரகரப்போடு திரும்பியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எண்பத்தாறு ஆடி மாசம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறைக்கு வெள்ளையடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று தலைமையாசிரியர் தேவராஜன் பலகை மாட்டினார். அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் கஸ்தூரி டீச்சர். காஞ்சிபுரத்தில் தறிக்காரக் குடும்பம், அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வேலை அப்போது தற்காலிகம். மாசியில் ஆண்டு விழா, கலெக்டர் வருகிறார், அவர் முன்னால் மிஷின் ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தலைமையாசிரியர் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்.

வந்த மாசமே கீபோர்டில் ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்தேன். உள்ளே மெமரி ஐ.சி. எட்டு, கறுப்பாக, வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் துவரம்பருப்பு அளவில் ஒரு கண்டென்சர். எட்டுக்கும் ஒரே கரண்ட் பாதை. ஒரே கிணற்றுக்கு எட்டு ராட்டினம் எதற்கு என்று எனக்குப் பட்டது. ரேடியோவில் கரகரப்பை அடக்க அந்த அளவுக் கண்டென்சர் கிடைக்காமல் ஒரு வாரமாக நான் அலைந்துகொண்டிருந்தேன். தேவைக்கு மேல் இருக்கிற இடத்திலிருந்து எடுப்பதற்குப் பெயர் திருட்டு இல்லை. பட்டனைச் சரிசெய்தேன். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அது ரைஸ் மில் வீராசாமியின் ரேடியோவுக்குப் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில்தான் அவர் மில். "வேதகிரி, சேதி கேக்க முடில. எப்ப வச்சாலும் கர்ருனு கீது, பேஜாரு" என்று வந்தவர், மறுநாள் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நினைத்தது சரி என்று ஆயிற்று. அடுத்த மாசம் உள்ளே தூசு தட்ட வேண்டும் என்று நானாகவே போய் இரண்டு எடுத்தேன். அதன் பிறகு அந்த மிஷினில் தூசு அடிக்கடி படிந்தது.

ஐந்தாவது போனதும் அதற்கு ஞாபக மறதி வந்தது. முந்நூறு பிள்ளைகளின் மார்க்கை டீச்சர் மூன்று நாள் உட்கார்ந்து ஏற்றினார். நாலாம் நாள் திரையில் அரிசியை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள்தான் இருந்தன. "அண்ணா, மில்லுல மோட்டார் போட்ட ஒடனே எல்லாத்தையும் மறந்துடுது. வந்த புதுசுல மில்லு ஓடிக்கினுதான் இருந்துது. அப்ப மட்டும் எப்படி நல்லா இருந்துது?" என்று கேட்டார்.

கெட்டிக்காரப் பெண். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

கரண்டிலும் இரைச்சல் உண்டு டீச்சர் என்று விளக்கினேன். மோட்டார் கிளம்பும்போது கம்பியில் ஒரு குலுக்கல் வரும், மெமரி அதைத் தாங்காது. இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தக் குலுக்கலை அந்தந்த ஐ.சி. பக்கத்திலேயே நின்று குடித்துவிடத்தான் அந்தப் பருப்பை வைத்திருக்கிறார்கள் என்பது விளக்கிக்கொண்டிருந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார். "அப்ப யாரால இந்தத் தொல்ல?" என்று கேட்டார். நான் பின்தெருவைக் காட்டினேன்.

பள்ளிக்கூட நேரத்தில் மில் ஓடக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். தை மாசம், அறுவடை முடிந்த சமயம். ஜனங்கள் நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் போனார்கள். வீராசாமி என் கடையில் உட்கார்ந்து அழுதார். ரேடியோவையும் கொண்டுவந்திருந்தார். அழுகைக்கு நடுவிலும் சேதி ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகக் கேட்டது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காரணம் தெரிந்த பிறகும் ஆறாவதை ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். மில்லையே நிறுத்தியாகிவிட்டது. அதற்கப்புறம் போய், தப்பு மில்லில் இல்லை என்று சொன்னால் வீராசாமியை அவமானப்படுத்தியது போல ஆகாதா. தவிர, ஒரு ரேடியோ காத்துக்கொண்டிருந்தது.

மறதி நிற்கவில்லை. அடுத்தது ராணியம்மாளின் இட்லிக் கடை கிரைண்டர். "யோவ், ஒன் பொட்டிக்கு மறதின்னா எம் மாவு இன்னாய்யா பண்ணுச்சி?" என்று கரண்டியோடு தெருவுக்கு வந்தார். ஆனாலும் ஆட்டுக்கல்லுக்குத் திரும்பினார். தோள் வலியால் பாதி ஆட்டினார், இட்லி கல்லாக வந்தது, ஊரே அதை மென்றது. அதற்கப்புறம் வெல்டிங் பட்டறை. அதற்கப்புறம் வகுப்பறை ஃபேன்கள். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே படித்தார்கள். எல்லாம் என் ஆலோசனைப்படிதான். ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் மிஷின் கொஞ்சம் தேவலை என்று தலைமையாசிரியர் சொல்வார். நானும் தலையாட்டுவேன். விழாவுக்கு முந்தின வாரம் கூரைமேல் காக்கா நடப்பது கடைக்குள் கேட்டது. மனசைத் திறந்து சொன்னால், என் ஆயுளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. எட்டாவதை அந்த வாரம்தான் எடுத்தேன், தலைமையாசிரியர் வீட்டு ரேடியோவுக்கு.

கலெக்டர் வந்தார். மிஷினுக்கு ஆகாது என்று மைக் செட்டையும் நிறுத்தியிருந்ததால் அவர் பேசியது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. டீச்சர் பட்டனைத் தட்டினார். குத்துவிளக்குப் படம் வர வேண்டிய இடத்தில் புள்ளிகள் வந்தன. கலெக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோலமா?" என்று கேட்டார். டீச்சர் திரைக்கு எதிரிலேயே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் டீச்சரே மூடியைத் திறந்தார். எட்டுக் காலி இடத்தையும் எண்ணிப் பார்த்து, தலைமையாசிரியரை அழைத்துவந்து காட்டினார். அறைச் சாவி யாரிடம் இருந்தது என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். டீச்சரிடம் என்றேன். அதுவும் உண்மைதான். நான் தூசு தட்டப் போனபோதெல்லாம் அவர்தான் திறந்துவிட்டார், சுக்குக் காப்பியும் வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. இத நான் எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறேன்?" என்று என்னைப் பார்த்தார். தரையில் ஒரு ஒயர் கிடந்தது. நான் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. தூக்கம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. ஊர் அமைதியாக இருந்ததே.

போன திங்கட்கிழமை வரைக்கும் வந்தது. அன்று பள்ளிக்கூட மணியைச் சரிசெய்யப் போனபோது, உங்கள் கல்வி அலுவலக அறிக்கை தலைமையாசிரியர் மேசைமேல் திறந்திருந்தது. மேற்படி ஆசிரியை, பயிற்சியற்ற கையால், பாகங்களை முரட்டுத்தனமாகப் பிடுங்கியுள்ளார். அப்படி எழுதியிருந்தது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது மைல் சுற்றளவில் என் மாதிரி சால்டரிங் பிடிக்கிறவன் யார் இருக்கிறான்? லென்ஸ் வைத்துப் பாருங்கள். எட்டு இடம், பதினாறு துளை. ஒன்றிலாவது ஈயம் வழிந்திருக்கிறதா, பலகை கருகியிருக்கிறதா. அந்தப் பெண்ணுக்குச் சால்டரிங் அயர்னைப் பிடிக்கவே தெரியாது. அவர் பேரில் இந்த வேலையை எழுதலாமா.

எட்டையும் எடுத்தவன் நான். எந்தெந்த ரேடியோவில் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பப் பொருத்தினால் மில், கிரைண்டர், ஃபேன் எல்லாம் ஓட ஓட மிஷினும் ஓடும். யாரும் மிரட்டி நான் வரவில்லை. ஒரு ஆளுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, அதைப் பொறுக்க முடியாமல்தான் வந்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அதற்கு முன்னால் அந்த "முரட்டுத்தனமாக" என்கிற சொல்லை அடித்துவிடுங்கள். டீச்சர் பெயரை அப்புறம் நிதானமாக அடித்துக்கொள்ளலாம்.