எட்டாவது வரிக்கு ஒரு குரல்

“அத்த மட்டும் எய்தாத நைனா. நல்லதா நாலு வார்த்த போட்டு எய்திக் குடு, போதும்.”

“எதக்கா?”

“தெர்யாத மாரி கேக்காத. அன்னிக்கு மைக்குல கத்துனேனே, அத்த. பெரிய மன்சங்கள்லாம் வர்ற எடத்துல அத்தப் படிச்சா கலீஜா இருக்காது?”

“அத எழுதலன்னா வேற என்னத்தக்கா எழுதறது?”

“பொறுமசாலி, பொண்ணுன்னா இவதான் பொண்ணுன்னு எய்து. அல்லாருக்கும் அப்டித்தான எய்துறாங்கோ!”

எங்களை மன்னியுங்கள், அக்கா. நேற்று கேன்டீனில் எழுத்தர் நிலவனுக்கு நீங்கள் இட்ட கட்டளையை இந்த மடல் மீறப் போகிறது.

திருவொற்றியூர் வடகரைக் கொள்கலன் கிடங்கின் கூரைகளுக்கு மேலே, கடற்காற்றையும் கிரேன் இரைச்சலையும் கடந்து, இருபத்தோர் ஆண்டுகள் கணீரென ஒலித்த குரலே! எங்கள் தலைகளைக் காத்த தாயே! வியாசர்பாடி தந்த வியப்பே! கன்னியம்மா அக்கா அவர்களே! இன்று பணி நிறைவு பெறும் தங்களை, கிடங்கின் நூற்றுப் பதினாறு பணியாளர்களும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

1979ஆம் ஆண்டு தாங்கள் இங்கே குடிநீர் வழங்கும் பணியில் சேர்ந்தீர்கள். ஏழாண்டுகள் கழித்து, அறிவிப்பாளர் விடுப்பில் போன ஒரு காலையில், தட்டச்சு செய்த ஒரு தாளைத் தங்கள் கையில் கொடுத்து மைக் முன் உட்கார வைத்தார்கள். “பணியாளர்களின் கனிவான கவனத்திற்கு! பெட்டி உயர்த்தப்படுகிறது. அனைவரும் விலகி நிற்கவும்.” எழுத்தெண்ணிப் பழகி, ஒரு ளகரம் நழுவாமல் அதைச் சொன்னீர்கள். விடுப்பில் போனவர் திரும்பி வந்தும் அந்த நாற்காலி தங்களுக்கே ஆனது. அன்று முதல் மைக்குக்கு ஒரு தமிழும் கேன்டீனுக்கு ஒரு தமிழும் என்று தாங்கள் பிரித்து வைத்துக்கொண்டதை நாங்கள் அறிவோம். ஏன் என்று கேட்க எங்களுக்கு நெடுங்காலம் தோன்றவில்லை.

விருந்தினர்களுக்காக எங்கள் வேலை முறையை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டி தூக்கும் முன்னும் மைக்கில் அறிவிப்பு வரும். கீழே நிற்பவர்கள் விலகிப் போய் வலக்கையை உயர்த்த வேண்டும். மாடியறைச் சன்னலிலிருந்து அக்கா கைகளை எண்ணி, “சரி” என்பார். அந்த ஒரு சொல் வராமல் கிரேன் அசையாது. யானைக் கூட்டத்தின் கனமுள்ள இரும்பைத் தரையோடு தரையாகப் பிடித்து வைத்திருந்தது ஒரு பெண்ணின் ஒற்றைச் சொல்! இதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு உடல் சிலிர்க்கிறது.

2001 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஒரிசாவிலிருந்து வந்து நான்கே நாளான சுதாம் பெஹரா லாரிக்கும் அடுக்குக்கும் நடுவில் நின்றிருந்தார். அறிவிப்பு வந்தது. மற்ற ஏழு பேரும் விலகிப் போய்க் கை உயர்த்தினார்கள். சுதாமும் அவர்களைப் பார்த்துக் கை உயர்த்தினார். விலக வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. கை உயர்த்துவதுதான் இந்த ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டார். நின்ற இடத்திலேயே, சிரித்த முகத்தோடு உயர்த்திய அந்தக் கையையும் சேர்த்துத் தாங்கள் எட்டு என்று எண்ணிவிட்டீர்கள். “சரி” என்றும் சொல்லிவிட்டீர்கள்.

பெட்டி லாரியை விட்டு எழும்பியது. சுதாமின் பக்கம் திரும்பத் தொடங்கியது. கிரேன் ஓட்டுநர் ஜஹாங்கீருக்கு அந்தப் பக்கம் தெரியாது. தங்களுக்குத் தெரிந்தது.

“பாய்! வுடாத, நிறுத்து! பொட்டிக்குக் கீய ஆளு கீறான்! டேய் நைனா, நவுர்றா, நவுந்து தொலடா கண்ணு!”

கிடங்கு முழுவதும் அதிர்ந்தது அந்தக் குரல். பெட்டி அந்தரத்தில் நின்றது. சுதாமின் தொப்பிக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்.

இந்த மடலுக்காகக் கேட்டபோது ஜஹாங்கீர் சொன்னதை அப்படியே தருகிறோம்: “அக்கா எப்பவும் பேசற மைக் தமிழ்ல சொல்லியிருந்தா, இன்னா சொல்றாங்கன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருப்பேன். இது எங்கம்மா வாசல்ல நின்னு கத்துன மாரி இருந்துச்சு. காதுல வுயறதுக்குள்ள கை லிவர இஸ்துக்கிச்சு.”

ஓர் உயிரைக் காத்த அந்தச் சொற்களுக்குக் கிடங்கு செய்த மரியாதை என்ன? அன்று மாலையே தங்களிடம் எழுதி வாங்கினார்கள். “பணி ஒலிபெருக்கியில் பண்படாத மொழியில் கூச்சலிட்டமைக்கு வருந்துகிறேன்” என்ற அந்தத் தாள் ஆறாண்டுகளாகத் தங்கள் கோப்பில் இருந்தது. தாங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அந்த வெட்கம் எங்களுடையது.

ஆனால் மறுநாள் தாங்கள் செய்ததை எண்ணி இன்றும் வியக்கிறோம். சுதாமைத் தேடிப் போய், ‘விலகி நில்’ என்பதை அவர் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். பிறகு தெலுங்கு. பிறகு இந்தி, உருது, மலையாளம். காவலாளியிடம் நேபாளி. ஒரே மாதத்தில் தமிழோடு சேர்த்து ஏழு மொழிகள் அந்தச் சன்னலிலிருந்து பறந்து வந்தன. ‘விலகுங்கள்’ என்பதற்கான தெலுங்குச் சொல் ‘தப்புகோண்டி’யை முதல் முறை கேட்டபோது, நெல்லூரிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் தம்மை ஊரார் யாரோ அழைத்ததாக எண்ணிக் கிடங்கைச் சுற்றிச் சுற்றித் தேடியதை மறக்க முடியுமா! நாவல்களில் மட்டுமே நாங்கள் பார்த்திருந்த பெருந்துறைமுகங்கள், பல நாட்டுக் குரல்கள் கலக்கும் கரைகள், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கூரைக்குக் கீழேயே இருப்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அந்தப் பிப்ரவரியில் நிலவன் செய்தித்தாளைக் கொண்டுவந்து தங்களிடம் படித்துக் காட்டினார். தம் மொழிக்காக டாக்காவில் மாணவர்கள் உயிர் நீத்த பிப்ரவரி 21ஆம் நாளை, உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது என்ற செய்தி.

“ஒலகம் பூராவா நைனா?”

“பூராவும்தான்க்கா.”

“அப்போ நம்ம யார்டும் ஒலகத்துலதான கீது?”

அந்த ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனீர்கள். அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த மேலாளர் சுப்பராயன் அவர்கள் ஐந்து நிமிடம் தந்தார், எழுத்தில் தரவில்லை. அன்று முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 21 காலையில், ஒவ்வொரு மொழிக்காரரும் மாடியேறி வந்து, தம் தாய் பேசிய மொழியில் தாமே அறிவிப்பைச் சொன்னார்கள். முதல் ஆண்டு சுதாம் மைக்கைப் பிடித்ததும் பேச முடியாமல் அழுதார். தாங்கள் அவர் முதுகில் ஒன்று போட்டீர்கள். “அய்வாத சொல்லுடா, பொட்டி காத்துகினு கீது!” மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டுதான் அதைச் சொன்னீர்கள். அதையும் பார்த்தோம்.

அந்த நாளை எழுத்தில் தரக் கேட்டு ஆறு முறை மனு எழுதினீர்கள். சென்ற திங்கட்கிழமை ஆணை வந்துவிட்டது, அக்கா! அறிவிப்புப் பலகையில் முத்திரையோடு இருக்கிறது: பிப்ரவரி 21 இக்கிடங்கின் தாய்மொழி நாள், முதல் ஷிப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம், கிடங்கின் மொழிப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு மொழியிலும் அறிவிப்பு. தாங்கள் இல்லாவிட்டாலும் இனி அந்த நாள் இருக்கும்.

தங்கள் கையெழுத்தில் ஏழு மொழிகள் கொண்ட அந்தப் பதிவேட்டை நாங்கள் பலமுறை படித்தோம். தங்கள் மொழி அதில் இல்லை. நிலவன் கேட்டதற்கு, “அது இன்னா பாஷன்னு எய்துவ? சினிமாவுல வச்சி சிரிக்கத்தான் ஆவும்” என்றீர்கள். மேலாளரிடம் போனோம். “அதுவும் தமிழ்தானே, முதல் வரியிலேயே இருக்கிறதே” என்றார். தமிழ்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் எது இவருடைய வாயில் முதலில் வந்ததோ, எது உயிர் போகும் நேரத்தில் தானாக வந்ததோ, அதற்குத்தானே இந்த நாள் என்றோம். அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். பிறகு தங்கள் கோப்பிலிருந்த மன்னிப்புத் தாளை எடுத்து எங்களிடமே கொடுத்துவிட்டார். பதிவேட்டில் எட்டாவது வரியைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு குரல்பதிவு வேண்டும், அதுவும் பணியில் இருப்பவர் குரலாகவே இருக்க வேண்டும் என்பது விதி. தாங்கள் பணியில் இருப்பது இன்று ஐந்து மணி வரை.

நாள்தோறும் எங்கள் அனைவரையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிய அன்னையே! இனி எந்தச் சங்கொலிக்கும் எழாமல் நிம்மதியாகத் தூங்குங்கள். மூட்டுவலி தீர்ந்து, பேரப்பிள்ளைகளோடு மெரினாவில் மனம்போல் நடந்து, நூறாண்டு நலமாக வாழுங்கள். அவர்களையும் உங்கள் குரலிலேயே அதட்டுங்கள்.

அதற்கு முன் ஒன்று. தங்கள் முன் மேசையில் இருப்பது மாடியறை மைக். பதிவுக் கருவி ஓடுகிறது. அதோ, ஜஹாங்கீர் கிரேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். லாரியில் ஒரு காலிப் பெட்டி இருக்கிறது. சுதாம் உட்பட எட்டுப் பேர் விலகி நின்று, சன்னலைப் பார்ப்பது போலத் தங்களையே பார்க்கிறார்கள். தட்டச்சுத் தாள் எதுவும் வைக்கவில்லை. மைக்கைப் பொத்தாமல், உங்கள் வூட்டுப் பேச்சில், ஒரே ஒரு முறை சொல்லுங்கள் அக்கா.

கை உயர்த்திக் காத்திருக்கும்
வடகரைக் கொள்கலன் கிடங்குப் பணியாளர்கள்
திருவொற்றியூர், 31.1.2007