கத்துக்குட்டி வேலை

கறுப்புத் துணியில் கோடு போட, சாக்குக்கட்டியைவிடக் குளித்துத் தேய்ந்துபோன சோப்புத் துண்டுதான் நல்லது. கோடு மெலிதாக விழும். தைத்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கோர்ட்டுக்கு எதிரே இருபத்தாறு வருடமாக வக்கீல்களுக்குக் கோட்டும் அங்கியும் தைக்கிறவன் சொல்கிறேன், ஐயா. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் வாக்குமூலத்துக்கு இது வேண்டாம்தான். ஆனால் என் கை எப்படிப்பட்ட கை என்று தெரியாமல் மற்றதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் வரிசையில் மூன்று கடைகள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கறிக்கடை, நடுவில் ரெடிமேட் அங்கி விற்கிறவர். கறிக்கடையைக் கழுவும் தண்ணீர் நடுக்கடை வாசலில் தேங்கும். அதில் இருவருக்கும் நாளொரு சண்டை. ஒரு நாள் கறிக்கடைக்காரர் தெருவே கேட்க, "இன்னொரு தரம் என்மேல புகார் எழுதினே, ஆட்டை வெட்டுற மாதிரி வெட்டிடுவேன்" என்று கத்தினார். வாய்ச்சொல்தான், அடுத்த நிமிஷம் மறந்துபோய் எலும்பு உடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு நாள் கழித்து ரெடிமேட்காரர் தன் கடைப் பின்னறையில் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? கறிக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பதினான்கு மாதம் அவர் உள்ளே இருந்தார். எனக்கு வருத்தம்தான். அவர் மகளுக்குப் பள்ளிச் சீருடை இரண்டு செட் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் கண்ணீர் விட்டதைப் பார்த்து, துடைத்துக்கொள்ளப் புதுத்துணியிலேயே ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். கல் நெஞ்சுக்காரன் இல்லை நான்.

கறிக்கடைக்காரரின் வக்கீல் கடைசி வாதம் பேசின அன்று நானும் கோர்ட்டுக்குப் போனேன். பயத்தினால் அல்ல. முந்தின நாள்தான் அவருக்குப் புது அங்கி கொடுத்திருந்தேன். கையைத் தூக்கும்போது தோள் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுக்கவில்லை. அவர் கையைத் தூக்கிப் பிணத்தின் படங்களைக் காட்டினார்.

"பதினேழு வெட்டு, கனம் நீதிபதி அவர்களே. ஒன்றாவது நேராக இருக்கிறதா? நான்கு எலும்பில் பட்டுத் திரும்பியிருக்கின்றன. மூன்று சட்டையைக் கிழித்ததோடு சரி. என் கட்சிக்காரர் இருபது வருடமாகக் கத்தி பிடிக்கிறவர். அவர் வெட்டியிருந்தால் ஒன்றே போதும். இது தொழில் தெரிந்தவன் செய்ததில்லை. இது கத்துக்குட்டி வேலை."

கூட்டம் சிரித்தது, ஐயா. கொலை வழக்கில் சிரித்தார்கள். நீதிபதிகூடக் குனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று மாலைக்குள் அந்த வார்த்தை ஊரெல்லாம் பரவிவிட்டது. தாழ்வாரத்தில் குமாஸ்தாக்கள் பேனாவால் ஒருவரையொருவர் குத்தி நடித்துக் காட்டினார்கள். அளவு கொடுக்க வந்த ஜூனியர் வக்கீல் ஒருவன், "கத்துக்குட்டி இல்ல மாஸ்டர், கத்திக்குட்டி" என்று சொல்லித் தானே விழுந்து விழுந்து சிரித்தான். நாடாவைப் பிடித்தபடி நானும் சிரித்து வைத்தேன். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் அதுதான். பஸ்ஸில் கண்டக்டர், சில்லறை தவறவிட்டவரைப் பார்த்து, "என்னண்ணே, கத்துக்குட்டி மாதிரி" என்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

டீக்கடையில் மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தேன். "ஆள் அசைஞ்சிருப்பான். அசையுற ஆள்மேல கோடு எப்படி நேரா விழும்?" என்றேன். டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்தாமலே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி. கீரை ஆய்ந்துகொண்டே, "ஏங்க, பதினேழு வெட்டாமே? பாவம், எவனோ வெட்டவும் தெரியாம, விடவும் தெரியாம திண்டாடியிருக்கான்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? அன்று இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நியாயம் விளங்கும். நான் தைத்த கோட்டு ஒன்றை ரெடிமேட்காரர் எங்கேயோ வாங்கி, என் வெட்டைக் காப்பியடிக்கத் தையலையெல்லாம் பிரித்துப் பின்னறைச் சுவரில் அடித்து வைத்திருந்தார். கழுத்து ஒரு ஆணியில், கை இரண்டும் இரண்டு ஆணியில், முதுகு தனியாக. சேதி கேட்டு, மத்தியானம் துணி வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து போனேன். கையில் பத்து அங்குலக் கத்திரி இருந்தது அங்கே போன பிறகுதான் எனக்கே தெரியும். அவர் நல்லபடியாகத்தான் பேசினார். "வாங்க மாஸ்டர். உங்க வெட்டு பூரா எனக்கு வந்துடுச்சு. இனிமே உங்களுக்கு ஓய்வுதான்" என்றார். நான் கத்திரியைக் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் இறக்கினேன்.

கத்திரி அதற்கான கருவி இல்லை, ஐயா. பட்டவுடன் இரண்டு அலகும் விரிந்துகொள்கிறது. ஒன்று உள்ளே போனால் மற்றது வழுக்குகிறது. துணி மேஜைமேல் சொன்னபடி படுத்துக் கிடக்கும். இவர் ஓடினார், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போனார், என் மணிக்கட்டைப் பிடித்தார், கடைசிவரை "மாஸ்டர், மாஸ்டர்" என்றுகொண்டே இருந்தார். அப்படிக் கூப்பிட்டால் யாருக்கும் கவனம் சிதறத்தான் செய்யும். வயிற்றில் பட்டதும் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு விழுந்தவை கொஞ்சம் பரவாயில்லை. யானைக்கும் அடி சறுக்கும். பின்கட்டுக் குழாயில் கை, கத்திரி எல்லாம் கழுவினேன். மூன்று கடைக்கும் ஒரே சாக்கடை. கறிக்கடைத் தண்ணீரோடு அதுவும் சிவப்பாகப் போனது. சாக்கடையை யார் பார்த்தாலும் கறிக்கடைப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். நான் யாரையும் காட்டவில்லை.

வாதம் முடிந்து தீர்ப்புக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. கோடு போட்டால் கோணிற்று. ஒரு கைப்பட்டியை இரண்டு தடவை வெட்டினேன். இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கத்திரியின் திருகைக் கழற்றி, ஒரு அலகை மட்டும் சாணை பிடித்து வைத்துக்கொண்டேன். பழைய தலையணையில், பிறகு ஈரச் சாக்கைச் சுற்றிய மரக்கட்டையில் வெட்டிப் பார்த்தேன். நாலாம் நாளே ஒரே இழுப்பில் போயிற்று. யாரையும் மனதில் வைத்துச் செய்யவில்லை. தொழில்காரன் கையைச் சரிபார்த்துக்கொள்வதில் என்ன தப்பு?

இன்று பதினோரு மணிக்குத் தீர்ப்பு. விடுதலை. தெருவே கறிக்கடைக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தது. எனக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பன்னிரண்டரைக்குக் கூட்டம் கலைந்ததும், முதல் வேலையாக அவர் என் கடைக்குத்தான் வந்தார்.

"மாஸ்டர், ஒரு சட்டை தைக்கணும். பழசெல்லாம் தொளதொளன்னு தொங்குது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு எல்லாம் சொல்லுச்சு. பெத்த அப்பன் மாதிரி பார்த்துக்கிட்டீங்களாம்" என்றார். கண் கலங்கிற்று, அவருக்கும் எனக்கும்.

மார்பு அளந்தேன். மூன்று அங்குலம் வற்றியிருந்தார். நாடாவைக் கழுத்துக்குக் கொண்டுபோகும்போது சும்மா கேட்டேன்: "ஊரு என்னமோ பேசுது. நீங்க தொழில்காரர். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் வக்கீல் இல்லை, டீக்கடைக்காரர் இல்லை. இந்த ஊரில் வெட்டைப் பற்றிச் சொல்லத் தகுந்த ஒரே ஆள். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் ஊர் சொன்னதையெல்லாம் துடைத்துப் போட்டிருப்பேன்.

"படத்தைக் காட்டினாங்க மாஸ்டர். நானே பார்க்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அந்த ஆளோட எனக்குச் சண்டைதான், இல்லைங்கலை. ஆனா அவ்வளவு நேரம் துடிக்க விட்டிருக்கான் பாருங்க. கை தெரியாத பய."

"ஆள் அசைஞ்சிருந்தா?"

"ஆடு மட்டும் சும்மாவா நிக்குது?" என்று சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். வாடிக்கையாளர்கள் தூக்குவதைப் போலவே தூக்கினார். அலகு மேஜைமேல் சோப்புத் துண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இடமிருந்து வலம், ஒரே இழுப்பு. அவர் கையும் காலும் மட்டும் கொஞ்ச நேரம் வேலை செய்தன. என் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. நான் பின்வாங்கவில்லை, கடைசிவரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விடுதலையான மனிதனை எதற்கு வெட்டினாய் என்று கேட்கிறீர்கள். நானே நடந்து வந்து சரணடைந்திருக்கிறேன், அதை எழுதுங்கள். ஒரு நிரபராதியின்மேல் இனியும் யாரும் சந்தேகப்படக் கூடாது என்றுதான் வந்தேன். அந்தப் பதினேழும் என்னுடையவை, அவருக்கு ஒன்றிலும் பங்கில்லை. டாக்டர் இன்றைய உடம்பைப் பார்த்து அறிக்கை எழுதும்போது வக்கீலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த டீக்கடைக்காரரையும்.

வெளியே அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். அழுகிறாளாம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா: அப்பாவுக்கு வலித்திருக்காது, தொழில் தெரிந்த கை.