மூஞ்சூறு பக்கத்துக் கலசம்

— சட்டையக் கழட்டிருங்கண்ணே.

— இன்னாத்துக்கு மேடம்? சிலைய தானே புடிக்கணும்?

— சிலையை ஸ்கேன் பண்றேன். உங்களை வீடியோ எடுக்கிறேன். 'சிற்பி ஜெகதீசன்'னு மியூசியம் சைட்ல போட்டா, பாக்கிறவங்க நம்பணும் இல்ல? டி-ஷர்ட்ல கிரிக்கெட் டீம் பேரு தெரியுது.

— இத்த போட்டுகினு தானே வேலை செய்றேன்...

— அது வேணாம். நெத்தியில பட்டை அடிச்சுக்கங்க. உளியைப் பிடிங்க... அப்படி இல்லண்ணே, தட்டுற மாதிரி.

— முடிஞ்ச சிலை மேடம்! மூக்கு போச்சுன்னா கோவளம் ஓட்டல்காரன் என்னைச் சும்மா வுடமாட்டான்.

— தட்டாதீங்க, சும்மா வைங்க. சத்தத்தை ஆபீஸ்ல சேத்துக்குவோம்.

— அந்த ஸ்டிக்கரு... இன்னிக்கே குடுத்துடுவீங்கள்ல?

— 'கையால் செதுக்கியது' ஸ்டிக்கர்தானே? ஸ்கேன் முடிஞ்ச உடனே.

— அது இல்லாம சிலைய எறக்கவே கூடாதுன்றான்.

— உங்களுக்காவது ஓட்டல். எனக்கு வேலையே இதுலதான் இருக்கு. புதுசா ஒண்ணு கொண்டு போகலன்னா, 'ஜோதிலட்சுமி, நாளைலருந்து நாவலூர் ஆபீஸ் பக்கமே வராதம்மா'ன்னுடுவாங்க. ஏற்கெனவே ஒரு தப்பு பண்ணி வச்சிருக்கேன்.

— இன்னா தப்பு?

— அதை விடுங்க. தார்ப்பாய்க்குள்ள என்ன, பீப் பீப்னு...

— கோழி.

— கோழியா?

— அடை காக்குது. கிட்டக்க போகாதீங்க, கொத்தும்.

— தண்ணி வேற ஒழுகுதே?

— அதுக்கும் தாகம் எடுக்கும்ல? நீங்க சிலைய பாருங்க.

— ம்ம்... அடேயப்பா, தும்பிக்கை வளைவு! எவ்ளோ நாளாச்சு?

— மாசக்கணக்கா மேடம். தாத்தா காலத்து முறை.

— இதைத்தான் கேமராவுல சொல்லணும். மூஞ்சூறு பக்கத்துல இது என்ன, குட்டையா, விளிம்பு வச்சு?

— அதுவா... "அமுதம் வழியாமல் நிற்பதன் குறியீடாக எங்கள் மரபில் மட்டும் அமைக்கப்படும் அமுதக் கலசம்."

— அமுதக் கலசமா?

— இன்னா மேடம், எழுதிக்கல?

— திடீர்னு புஸ்தகத் தமிழ்ல பேசறீங்க?

— தாத்தா அப்டித்தான் சொல்லிக் குடுத்தாரு.

— உங்க தாத்தா சொல்லலண்ணே. அது நான் எழுதினது.

— நீங்களா?

— போன வருஷம் அஞ்சுரதம் பக்கத்துப் பட்டறையில ஒரு பிள்ளையாரை ஸ்கேன் பண்ணேன். குடிச்ச டீ கப்பை மூஞ்சூறு பக்கத்துல வச்சு மறந்துட்டேன். அதுவும் சேந்து பதிவாயிடுச்சு. மேனேஜர் கேட்டாரு. வாய்க்கு வந்தபடி கலசம்னு சொல்லி, அந்த வரியை எழுதி சைட்லயும் போட்டுட்டேன்.

— டீ கப்பா இது?

— விளிம்புல பாருங்க. ஈ கூட ஒட்டியிருக்கு.

— ஈயா! பூ மொட்டுன்னு நெனச்சி அதுக்குத் தனியா பாலிஷ் போட்டேனே!

— கோழியைக் காட்டுங்க.

— இப்ப எதுக்கு மேடம்...

— தார்ப்பாயைத் தூக்குங்கண்ணே.

— ...கல்லு செதுக்குற மிஷினு மேடம். ஃப்ரீயா கீதுன்னு உங்க சைட்லேர்ந்து அந்தப் பிள்ளையாரு ஃபைல எறக்கி இதுல ஏத்துனேன். கண்ணு மட்டும் நான் தொறந்தது, சத்தியமா.

— போச்சு. ஆபீஸ்ல ஏத்தின உடனே, 'இது ஏற்கெனவே இருக்கு'ன்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். என் வேலை...

— இருங்க, இருங்க. ஒரு சிலையில கீதுன்னா அது உங்க டீ கப்பு. ரெண்டு சிலையில கீதுன்னா?

— ரெண்டுல இருந்தா...?

— மரபு ஆயிடுச்சே மேடம்!

— ...புதுச் சிலைன்னு சொல்ல முடியாது. ஆனா, ஒரு புதுப் பாணியைக் கண்டுபிடிச்சிருக்கோம்னு சொல்லலாம்.

— அத்த சொல்லுங்க! உங்க தப்பும் மறைஞ்சிடும்.

— "கலசப் பிள்ளையார் மரபு"... தலைப்பு நல்லாத்தான் இருக்கு. சரி, பட்டையை அடிங்க, ஷூட் பண்ணிடுவோம். இந்தாங்க உங்க ஸ்டிக்கர்.

— ஒண்ணு பத்தாதே மேடம்.

— ஏன்?

— கோழி இன்னும் பொரிச்சிகினு கீது... உள்ள நாலு பிள்ளையாரு, நாலும் கலசத்தோட. அடுத்த லாட்டுக்கு, அந்த ஈய மட்டும் எடுத்துட்டு ஒரு ஃபைலு அனுப்புறீங்களா மேடம்?