தண்ணிக்கல்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். உப்போடைப்பட்டியில் சீனியம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் தாத்தாவுக்குப் பெரியம்மா. அவள் புருஷன் மாடக்கண்ணு, மிரண்ட மாட்டைக்கூடத் தடவியே வழிக்குக் கொண்டுவருகிறவனாம்.

அப்போது கடலுக்கு அப்பால் ஒரு சண்டை. ஆள் சேர்க்க ஒரு அதிகாரி வந்தாராம். "துப்பாக்கியெல்லாம் தூக்க வேண்டாம். கோவேறு கழுதை பார்க்கிற வேலைதான். அடுத்த அறுப்புக்குத் திரும்பிரலாம்" என்றாராம். மாடக்கண்ணு போனான். கூடச் சிலரும் போனார்கள். அறுப்பு வந்தது, போனது. மறு அறுப்பும் வந்தது, போனது. ஆள் வரவில்லை.

பிறகு அதே அதிகாரி வந்தாராம். கூடவே வண்டியில் ஒரு கல். அதை ஊர் எல்லையில் இறக்கி வைத்தார்கள். "சண்டையில ஜெயிச்சுட்டோம். உங்க ஊர் ஆளுங்க உயிரைக் கொடுத்துட்டாங்க. அவங்க பேரு நிக்க இந்தக் கல்லை நடணும்" என்றாராம்.

புருஷன் செத்தது சீனியம்மாவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். இழவு சொல்ல வந்தவன் எல்லையிலேயே நிற்க வேண்டும். எங்கே செத்தான், எப்படிச் செத்தான், அங்கே எதுக்குப் போனான் என்று வீட்டார் கேட்பார்கள். கேள்வி தீர்ந்த பிறகுதான் அவனுக்குத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் வீட்டில் அழுகை, கருமாதி எல்லாம். கேள்வி தீராவிட்டால் செத்தவனுக்குக் காரியம் கிடையாது.

சித்திரை வெயில். அதிகாரி தண்ணீர் கேட்டாராம். சீனியம்மா ஒரு செம்பு கொண்டுவந்து கல்மேல் வைத்தாளாம். வைத்த கையை எடுக்கவில்லை.

"எங்க செத்தாரு?"

"பாலைவனத்துல."

"எப்படி?"

"காய்ச்சல் கண்டு."

"அம்புட்டுத் தொலைவுக்கு எதுக்குக் கொண்டுபோனீக?"

"ராஜாவுக்காக."

"ராஜாவை யாரு என்ன செஞ்சா?"

"எதிரி..."

"அந்த எதிரி எங்க வாய்க்காலை மறிச்சானா? எங்க ஆட்டை ஓட்டிட்டுப் போனானா?"

அதிகாரிக்கு வேர்த்து ஊற்றியதாம். ஊர்ப் பெரியவர் ஆண்டிக்குப் பொறுக்கவில்லை. "ஏ சீனியம்மா, குடுத்துரு தாயி. ஒரு எழவை ரெண்டாக்கிராதே!"

"கேள்வி தீரலையே மாமா."

கடைசியில் அதிகாரி தொப்பியைக் கழற்றினாராம். "எதுக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. மேல இருந்து ஆள் கேட்டாங்க, அனுப்பினேன். நானும் எதுக்குன்னு கேக்கலை."

"தெரியாமலா அறுப்புக்கு வந்துருவாருன்னு சொன்னீக?"

"ஆமா."

சீனியம்மா கையை எடுத்தாளாம். "குடிங்க. ஒங்ககிட்டக் கேக்க வேண்டியது தீந்துருச்சு. ஒங்களை அனுப்பினவுககிட்டத் தீரலை. அவுக வந்து இங்க நின்னு சொல்லட்டும். அப்புறம் கல்லை நட்டுக்கிடலாம்."

அவர் தண்ணீர் குடித்த பிறகுதான் அவள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டதாம்.

அனுப்பியவர்கள் யாரும் வரவில்லை. கல் இறக்கின இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது. அதற்குத் தண்ணிக்கல் என்று பேர். சர்க்கார் ஆட்கள் யார் வந்தாலும் அதன்மேல் ஒரு செம்பை வைத்து, வந்த காரியம் எதுக்கு என்று கேட்போம். பதில் சொன்னால் தண்ணீர். இப்போது வருகிறவர்கள் கையிலேயே பாட்டில் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

நாங்கள் செம்பை வைத்துவிட்டுத்தான் கேட்கிறோம்.