சிரிக்காத வீரர்கள்

சாரல் காலத்தில் நல்ல காகிதம்கூட ஓரம் சுருண்டுவிடும், ஐயா. ஆகவே விளையாட்டுப் படங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதே என் பழக்கம்.

தென்காசியில், என் வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் நாங்கள் ஆடியது கதை விளையாட்டு. ஆளுக்கொரு கற்பனை வீரனாகப் பேச வேண்டும். பகடை சொன்னபடி வாழவோ சாகவோ வேண்டும். கதையை நடத்துபவன் நான். வீரர்களை மைப்பேனாவால் வரைந்தவனும் நானே. இந்த விளையாட்டுக்கான அயல்நாட்டு விதிநூல்களின் படங்களில் வெள்ளை வீரன் கறுத்த அரக்கனை வெட்டிக்கொண்டிருந்தான். நான் அந்த வாளைக் கறுத்த கைகளில் கொடுத்தேன். மேடையில் முழங்கிய சமத்துவத்தை மேசைக்குக் கொண்டுவந்தேன். இதை எவரும் மறுக்க முடியாது.

அந்த நூல்களில் பாணி மாறிக்கொண்டே வந்தது. மைக்கோடு போய் எண்ணெய் வண்ணம் வந்தது. அதுவும் போய்க் கணினி மெருகு வந்தது. அம்மெருகை எங்களிடம் கொண்டுவந்தவள் சண்முகப்பிரியா, ஆட்டக்காரர்களில் இளையவள். அவள் வரைந்த வீரர்களும் கறுப்புதான். ஆனால் பளபளத்தார்கள், பல் தெரியச் சிரித்தார்கள். போராட்டத்தில் சிரிப்புக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"ஒங்க படத்துல எல்லாரும் எழவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போற மாரியே இருக்காவ, அண்ணாச்சி. ஜெயிச்ச பொறவாவது நாங்க சிரிக்கப்பிடாதாக்கும்?"

இன்னொரு ஆட்டக்காரன் செந்தில்வேல் மேசையைத் தட்டிச் சிரித்தான். வாக்கெடுப்பு நடந்தது. வாக்குரிமையை அந்த மேசைக்கு அளித்தவனும் நானே. என் பாணிக்கு என் கை மட்டுமே உயர்ந்தது.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. ஆட்டத்தில் வீரன் இறந்தால், அவனை ஆடியவர் அவன் படத்தை அன்றே குற்றாலத்துக்கு எடுத்துப்போய், அருவிக்குக் கீழே ஆற்றின் நடுப்பாறையில் நின்று நீரில் விட வேண்டும். அதுவரை புதிய வீரன் கிடையாது. சடங்குகளை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவன் நான். இது சடங்கன்று.

அடுத்த ஞாயிறு நண்பகலில் என் கைபேசிக்குச் செய்தி வந்தது: மலையில் கனமழை, அருவிகளில் குளிக்கத் தடை. ஆட்டத்தின்போது மற்றவர்களின் கைபேசிகள் அலமாரியில் இருக்கும். கதை நடத்துபவன் மறைப்பு அட்டைக்குப் பின்னால்தான் பகடை உருட்டுவான். இருபது முகப் பகடையில் அரக்கனுக்கு விழுந்தது மூன்று. இருபது என்று அறிவித்தேன். சண்முகப்பிரியாவின் வீராங்கனை இறந்தாள்.

கைபேசியைப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு, ஆற்றில் தண்ணீர் எப்படி என்று என்னிடம் கேட்டாள்.

"முழங்காலுக்குத்தான் கெடக்கும். கரையில நின்னு விட்டா செல்லாது, பாத்துக்க."

காவலர்கள் அருவிக்கரையில் நிற்பார்கள்; நடுப்பாறை வெகு கீழே இருக்கிறது. மாலையில் அவள் உடலை இலஞ்சிப் பக்கம் கரையேற்றினார்கள்.

விபத்து என்று நீங்கள் காவல் அறிக்கையில் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். நான் கொன்றேன். வருந்துவதாக மட்டும் எழுத வேண்டாம். ஒரு கொள்கையைக் காத்தவனுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

சென்ற ஞாயிறு மறுபடியும் வாக்கெடுத்தேன். மைக்கோடு ஒருமனதாக வென்றது. எவரும் சிரிக்கவில்லை, எவரும் என் முகத்தைப் பார்க்கவுமில்லை. கொள்கையின் கனம் அவர்களுக்கு இப்போதுதான் புரியத் தொடங்கியிருக்கிறது.