நல்ல பதம்
மறையூரிலிருந்து உடுமலைக்கு மலையிறங்கும் மாட்டுவண்டியில் எனக்கு எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரின் கை, மாடு இழுக்கும் கரும்பாலையில் சிக்கி நசுங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். முழங்கை வரை சுற்றியிருந்த துணியை மொய்த்த ஈக்களை, மற்றவர் துண்டால் விரட்டிக்கொண்டே வந்தார்.

“நீ மட்டும் மாட்டை நிறுத்தலைன்னா என்னைத் தோளு வரைக்கும் இழுத்திருக்கும் மச்சான். வீட்டுல உன்னைத்தான் கும்பிடுறா.”

“அந்த மாட்டைக் கும்பிடச் சொல்லு.”

“என்ன பேச்சு இது?”

“நான் நிறுத்தலை. மாடு தானா நின்னுச்சு.”



“நீ எங்க இருந்தே?”

“வெல்லக் கொப்பரைகிட்ட. பாகு பதத்துக்கு வந்திருந்துச்சு. விட்டா கருகிரும்னு கிண்டிக்கிட்டே இருந்துட்டேன்.”

“நான் கத்துனது கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

நான் தூங்குகிறவன்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது துண்டு மற்றவர் மடியில் கிடந்தது. ஈக்கள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. கை நசுங்கியவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெல்லம் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார்.



“நல்ல பதம் மச்சான்,” என்றார் மற்றவர், தலையைத் தூக்காமல்.