பந்தியில் விரித்த நட்சத்திரம்

எனக்குப் பிரியாணி அவ்வளவாகப் பிடிக்காது. தயிர்சாதம் போதும். அந்த விருந்துக்கு நான் வயிற்றுக்காகப் போகவில்லை என்பது விசாரணைக் குழுவுக்குத் தெரிய வேண்டும், ஐயா. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் வேலூரில் இயற்பியல் பேராசிரியர். நியூட்ரான் நட்சத்திரம் என்பது வெடித்துச் சுருங்கிப்போன ஒரு பம்பரம். சுற்றும்போது அதன் தலை ஆடுகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. அதிலிருந்து வரும் எக்ஸ்ரே கூடிக் குறைந்தால் ஆடுகிறது என்று பொருள். காற்று எக்ஸ்ரேயைத் தடுத்துவிடும். ஆகவே எழுபத்தொன்பதில் கருவியைப் பலூனில் கட்டி மேலே அனுப்பினோம். எஃகுக் கம்பியில் தொங்கவிடுவதுதான் வழக்கம். நான் ஆம்பூர்த் தோல் வாரில் தொங்கவிட்டேன். தோல் தொழிற்சாலை முதலாளி மக்பூல் அகமது இனாமாகக் கொடுத்தார். ஊர்ப் பெருமையும் கொஞ்சம் வானம் ஏறட்டுமே.

எக்ஸ்ரே கூடிக் குறைந்தது. மக்பூல் தன் தொழிற்சாலையிலேயே எனக்குப் பாராட்டு விழா வைத்தார். 'தாரகைத் தளபதி' என்று பட்டம். நானாகக் கேட்கவில்லை. எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் என் ஆராய்ச்சி மாணவி மனோரமா வந்தாள்.

"சார், அதே பலூன்ல இன்னொரு நட்சத்திரத்தையும் பார்த்தோம் இல்ல? அதுவும் அதே தாளத்துல ஆடுது."

"ஆடட்டுமேம்மா."

"ரெண்டும் எப்படி சார் ஒண்ணா ஆடும்? ஆடினது நம்ம கருவி. வார் குளிர்ல முறுக்கிக்கினு ஊசலாடியிருக்கு. தீசிஸ்ல அதைத்தான் எழுதியிருக்கேன்."

கெட்டிக்காரப் பெண். ஆனால் அவளுக்கிருந்த ஒரே ஆதாரம் அந்த இரண்டாவது நட்சத்திரத்தின் வரைபடச் சுருள். அது என் பீரோவில் இருந்தது.

மறுநாள் பந்தி மேசைகளில் விரிக்கப் பேப்பர் போதவில்லை என்றார்கள். என் காரில் தற்செயலாக ஒரு சுருள் இருந்தது. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. கோடு விழுந்த பக்கம் கீழே இருக்கும்படி நானே விரித்தேன். அதன்மேல் இலை போட்டார்கள்.

மனோரமா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் இலை ஓரம் கத்திரிக்காய்த் தொக்கு சிந்தியது. எண்ணெய் ஊறிய இடத்தில் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகி, அடியிலிருந்து கோடு தெரிந்தது. அவள் இலையை நகர்த்திப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சார், இது..."

"சாப்பிடும்மா, ஆறிடப் போவுது."

"இன்னாம்மா, காரம் ஜாஸ்தியா? கண்ணுல தண்ணி வருதே," என்று மக்பூல் அவளுக்கு வெங்காயப் பச்சடி போட்டார். நல்ல மனுஷர்.

பந்தி முடிந்ததும் எல்லாவற்றையும் இலையோடு சுருட்டித் தெருவில் போட்டார்கள். மாடுகள் தின்றன.

ஆதாரம் இல்லாமல் முடிவு எழுதுவது மோசடி. அப்படித்தான் புகார் எழுதி, கையெழுத்தும் போட்டேன். அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. இப்போது மக்பூலிடமே ஷூக்களை ஜோடி சேர்க்கிறாள் என்று கேள்வி. நிரந்தர வேலை. யார் சிபாரிசில் அது கிடைத்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொள்வதில்லை.

போன மாதம் வேறு ஒரு குழு, எஃகுக் கம்பியில் கருவியைத் தொங்கவிட்டு அதே நட்சத்திரத்தைப் பார்த்தது. நட்ட கல் மாதிரி நின்றதாம். அதனால்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். சுருளை அழித்தது நான். அந்தப் பெண்மேல் பொய்ப் புகார் எழுதியதும் நான். ஒன்றையும் மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். எழுபத்தொன்பதில் ஆடிய நட்சத்திரம் எண்பத்துமூன்றில் நின்றுவிட்டது. அது ஆடியபோது பார்த்த ஒரே மனிதன் நான்.